நடுக்கோட்டில் ஏறாத அப்பாவுக்கு

என் டிரைவர் அப்பாவுக்கு,

பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தமிழ் மிஸ் கேட்டார். விமான நிலைய ஓடுபாதை விளக்குகளைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பதினொன்றாம் வகுப்பில் இதை எழுத வேறு யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு மகிழ்ச்சி. 'ஓடுபாதையின் இரு ஓரங்களிலும் வெள்ளை விளக்குகள் வரிசையாக அமைந்துள்ளன' என்று முதல் வரியை எழுதினேன். உடனே, "ரோட்டோரம் கல்லு நட்டு வெச்ச மாதிரியா?" என்று என் காதுக்குள் நீங்கள் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இரண்டாவது வரிக்குப் போக முடியவில்லை.

ஆகவே கட்டுரையைக் கைவிட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. கணினிக்கு முன்னால் உங்கள் நாற்காலி அங்கேயே இருக்கிறது. அதன்மேல் அம்மா துவைத்த துணியை மடித்து அடுக்குகிறார். யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகவா, துணி வைக்க வேறு இடமில்லை என்பதற்காகவா, நான் கேட்கவில்லை. செட்டிகுளத்து அத்தை ஒரு சாக்கு சின்ன வெங்காயம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அது முளைவிட ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேர் எவ்வளவுதான் சாப்பிட முடியும்?

அந்தப் பழைய கணினியைச் சித்தப்பா கொண்டுவந்து தந்தபோது, விமானம் ஓட்டும் சிமுலேட்டரை அதில் ஏற்றியது எனக்காகத்தான். லோடு இல்லாத ஒரு மத்தியானம் பனியனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். வெளியே பெரம்பலூர் வெயில். திரையில் மட்டும் ராத்திரி. விளக்குகள் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நான் எப்போதும் நேரத்தை இரவுக்கு மாற்றி வைத்திருப்பேன். "பட்டப்பகல்ல எதுக்குப் பாப்பா இருட்ட வெச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே ஜாய்ஸ்டிக்கை, கியர் ராடைப் பிடிப்பதுபோல் மேலிருந்து கவிழ்த்துப் பிடித்தீர்கள். அன்றிலிருந்து அது உங்களுடையது ஆகிவிட்டது.

"பக்கத்து சீட்டுல இருக்கறது யாரு?"

"துணை விமானிப்பா."

"கிளீனருன்னு சொல்லு. வந்து உக்காரு, கிளீனரு."

அதன் பிறகு நான் உங்கள் கிளீனர். உங்கள் லாரியில்தான் கிளீனர் கிடையாது. இப்போது யாரும் கிளீனர் போடுவதில்லை, டிரைவர் தனியாகத்தான் போய் வருகிறார் என்று நீங்களே சொல்வீர்கள். அதனால் வீட்டில் கிடைத்த கிளீனரை நன்றாக வேலை வாங்கினீர்கள்.

என் வேலை விளக்கைப் பார்த்துச் சொல்வது. ஓடுபாதையின் இடதுபக்கம், தொடக்கத்திலிருந்து சற்றுத் தள்ளி, நான்கு விளக்குகள் ஒரே வரிசையில் இருக்கும். இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரத்தில் வருகிறோம். நான்கும் வெள்ளை என்றால் மேலே இருக்கிறோம். நான்கும் சிவப்பு என்றால் மிகவும் தாழ்ந்துவிட்டோம், உடனே ஏற வேண்டும். நான் இதையெல்லாம் ஒரு கையேட்டில் படித்துவிட்டு, நீங்கள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து சொல்வேன். நீங்கள் மோர் சாதத்தைப் பிசைந்தபடி, "வெள்ளைன்னா மேல, சிவப்புன்னா கீழ. சரி. ரெண்டும் பாதிப் பாதின்னா?" என்று பரீட்சைக்குப் படிப்பவர் மாதிரி திருப்பிக் கேட்பீர்கள். திரையில் வந்ததும் மறந்துவிடும்.

"நாலும் வெள்ளைப்பா."

"இருக்கட்டும், இருக்கட்டும். மேல போனா யாரு மேலயும் இடிக்காது."

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே முடியவில்லை. ஓடுபாதையின் நட்டநடுவில் ஒரு விளக்கு வரிசை போகும். விமானத்தின் மூக்குச் சக்கரம் அதன் மேலேயே இறங்கி ஓட வேண்டும். நீங்கள் ஒருநாளும் அதன்மேல் இறங்கவில்லை. எல்லா ஊர் விமான நிலையத்திலும், எவ்வளவு பெரிய விமானமாக இருந்தாலும், நடுவரிசைக்கு இடதுபக்கமாகத்தான் கொண்டுபோய் வைப்பீர்கள்.

"அப்பா, நடு லைட்டு மேல ஏறுங்க."

"நடுக்கோட்டுல ஏறக் கூடாது பாப்பா. எதுத்தாப்புல வண்டி வந்தா?"

"இது ரன்வேப்பா. எதுத்தாப்புல எதுவும் வராது."

"வராதுன்னு யாரு எழுதிக் குடுத்தா?"

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தது நினைவிருக்கிறதா? "ஏரோப்ளேனையும் லெப்ட்லதான் ஓட்டுவாரு உங்கப்பா. இண்டிகேட்டர் போட்டாரான்னு கேளு" என்றார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு நாளாகிவிட்டது அப்பா.

இன்னொன்று உங்கள் வலதுகால். ஓடுபாதை முடியப்போகிறது என்பதை விளக்குகள் முன்கூட்டியே சொல்லிவிடும். கடைசி அறுநூறு மீட்டரில் ஓரத்து வெள்ளை விளக்குகள் மஞ்சளாகிவிடும். பெரிய விமான நிலையங்களில் நடுவரிசையும் பேசும். முதலில் வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரும், பிறகு வெறும் சிவப்பு. அதற்கும் பிறகு, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அங்கே பாதை முடிகிறது. அந்தச் சிவப்பைக் கண்டதும் உங்கள் வலதுகால் வெறுந்தரையைப் போட்டு மிதிக்கும். நம் சிமுலேட்டருக்குப் பெடலே இல்லை. பிரேக் விசைப்பலகையில் என் விரலடியில் இருந்தது. ஆனாலும் மிதிப்பீர்கள். "தரை ஒங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?" என்று அம்மா கேட்பார்.

ஒருமுறை அப்படி நின்ற பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டீர்கள்.

"முடியப் போவுதுன்னு இத்தன தடவ சொல்லுறானா?"

"ஆமாப்பா. மஞ்சள்ல ஒரு தடவ, நடுவுல ரெண்டு தடவ, கடைசியில ஒரு தடவ."

"குடுத்து வெச்சவனுங்க" என்றீர்கள். "நம்ம ரோட்டுல ஒருத்தன் வண்டி நின்னு போச்சுன்னா நாலு கல்ல வெப்பான். ஒரு தழைய ஒடிச்சுப் பின்னாடி போடுவான். அதான் நமக்கு செவப்பு லைட்டு."

நான் சிரித்தேன். அது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன்.

அரியலூர் ரோட்டில், விடிவதற்கு முன், அச்சு முறிந்து ஒரு லாரி இடது ஓரத்தில் நின்றிருந்தது. பின்னால் விளக்கு எரியவில்லை. நான்கு கல்லும் ஒரு கருவேலந்தழையும் இருந்தன. சிமெண்ட் லோடோடு நீங்கள் வந்தீர்கள். இதற்கு மேல் இதை எழுத எனக்குத் தெரியவில்லை.

பந்தல் பிரிப்பதற்குள்ளேயே அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. "பிரேக்கே அடிக்கலியாம். கண்ணசந்துட்டாப்ல" என்று ஒருவர் சொன்னார். கருமாதிக்கு வந்த லாரி முதலாளி, "நல்ல டிரைவருதான், ஒரு குறை சொல்ல முடியாது. என்ன பண்றது, தூங்கிட்டாரு" என்று காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். பள்ளியில் என்னோடு சாப்பிடும் தோழி, என்மேல் உள்ள பாசத்தில்தான், "உங்கப்பா பாவம்டி, தூங்கிட்டாருல்ல" என்று தன் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை எனக்கு வைத்தாள். நான் சாப்பிடவில்லை.

நீங்களா தூங்குவீர்கள்? தூக்கம் வந்தால் சிறுவாச்சூர் பக்கம் ஓரங்கட்டிவிட்டு, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, அப்படியும் போகாவிட்டால் கேபினிலேயே படுத்துவிட்டுத் தாமதமாக வருபவர். லோடு தாமதமானதற்கு எத்தனை பேச்சு வாங்கியிருக்கிறீர்கள். "ஸ்டீரிங்குல ஒக்காந்து தூங்குறவன் டிரைவரு இல்ல, கொலகாரன்" என்று நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இப்போது அந்த வார்த்தையைத்தான் உங்கள்மேல் போட்டுவிட்டு எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள்.

நான் எல்லோரிடமும் சண்டை போட்டேன் அப்பா. அத்தையிடம், பக்கத்து வீட்டில், வகுப்பில். "எங்கப்பா முழிச்சிட்டுதான் இருந்தாரு." உனக்கெப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், அதையே இன்னும் உரக்கச் சொல்வேன். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அம்மாவும் என்னைப்போலவே உள்ளே கொதித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

சித்தப்பாவிடம் கெஞ்சினேன். அவர் உங்கள் தம்பி, அவரும் டிரைவர், அவருக்குப் பார்த்தால் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். "போயி என்னத்தப் பாக்கப் போற?" என்று வழியெல்லாம் முனகினார். மழை பெய்யாதது நல்லதாகப் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

லாரிகள் இரண்டையும் எடுத்துவிட்டிருந்தார்கள். ரோட்டோரம் கண்ணாடித் தூள் மினுங்கியது. எண்ணெய்க் கறையின்மேல் சிமெண்ட் கொட்டி இறுகியிருந்தது. தழை காய்ந்து, இலையெல்லாம் உதிர்ந்து, வெறும் முள்ளாகக் கிடந்தது. கற்களை யாரும் எடுக்கவில்லை. சித்தப்பா அவற்றைக் காலால் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

நான்தான் முதலில் பார்த்தேன். கறைக்குப் பின்னால், தார்மேல் கறுப்பாக இரண்டு கோடுகள்.

"சித்தப்பா, இது?"

அவர் குந்தி உட்கார்ந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்தார். திரும்பவும் வந்து உட்கார்ந்தார்.

"அடிச்சிருக்கான் பாப்பா. எங்கண்ணன் பிரேக் அடிச்சிருக்கான்." பிறகு யாருமில்லாத ரோட்டைப் பார்த்துக் கேட்டார். "எவன்டா சொன்னது தூங்குனான்னு?"

கோடுகள் நம் சமையலறை நீளம்கூட இல்லை. ஆனால் நேராக இருந்தன. நடுக்கோட்டுக்கு இடதுபக்கமாக, கோணாமல், ஓரத்து வெள்ளைக் கோட்டையும் தொடாமல் இருந்தன. தூங்குகிறவர் வண்டி அப்படிப் போகுமா?

"வலது பக்கம் ஒரு ஒடி ஒடிச்சிருந்தான்னா..." என்று சித்தப்பா சொல்லி நிறுத்தினார்.

"எதுத்தாப்புல வண்டி வந்தா?" என்றேன்.

சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில், அது என் குரல் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அப்பா, அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. பைக்கின் பின்னால் உட்கார்ந்து, யார் யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். முதலாளியிடம், அத்தையிடம், அந்த முட்டைக்காரத் தோழியிடம். எல்லோருக்கும் முன்னால் அம்மாவிடம்.

அம்மா முறத்தை மடியில் வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். கோடு இருக்கிறது, நேராக இருக்கிறது, சித்தப்பாவே பார்த்துச் சொன்னார், அப்பா தூங்கவில்லை. அம்மாவின் கை நின்றது.

"எவ்வளோ நீளம் இருந்துச்சு?"

கையை விரித்து, சுவரிலிருந்து அடுப்பு மேடை வரை காட்டினேன்.

"அப்ப பாத்துட்டாரு" என்றார்.

"ஆமாம்மா. அதத்தான சொல்றேன். முழிச்சிட்டுதான்..."

"பாத்துட்டாரு."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அவரு தூங்கிட்டாரு, ஒண்ணுந் தெரியாமப் போயிட்டாருன்னு நெனச்சுத்தான் பாப்பா நான் தெனமும் கண்ண மூடுறேன். அந்த ஒரு நெனப்புதான் எனக்கு இருந்துச்சு. நீ போயி பாத்துட்டு வந்துட்ட."

சித்தப்பா வாசலிலேயே நின்றுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்களுக்காக வாதாடி ஜெயித்தேன் என்று நினைத்தேன். ஜெயித்தது யாரை என்று அப்போதுதான் தெரிந்தது. மழை பெய்திருக்கலாம் அப்பா. ஒரு நல்ல மழை பெய்து அந்தக் கோட்டை அழித்திருக்கலாம்.

மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டார். "பாத்ததுக்கும் இடிச்சதுக்கும் எவ்வளோ நேரம் இருக்கும் பாப்பா?" நான் இயற்பியல் படிக்கிறேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். "அதெல்லாம் கணக்குப் போட முடியாதும்மா" என்றேன். போட முடியும். வேகமும் கோட்டின் நீளமும் இருந்தால் போதும். போட்டும் பார்த்தேன். அந்த விடையை இங்கே எழுத மாட்டேன். எங்கேயும் எழுத மாட்டேன். ஆனால் அவ்வளவு நேரத்தில் ஒரு மனிதர் என்னென்ன நினைக்க முடியும் என்பதை மட்டும் என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. எங்களை நினைத்தீர்களா? அல்லது கால் மட்டும்தான் நினைத்ததா, நம் வீட்டுத் தரையை மிதித்ததுபோல?

அதற்குப் பிறகு ஒருநாள் மானிட்டர்மேல் அம்மா போட்டிருந்த துண்டை எடுத்தேன். சிமுலேட்டரில் விமான நிலையத்தின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு இறக்கிப் பார்த்தேன். மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை. விமானத்தின் சொந்த விளக்கு மட்டும் முன்னால் ஒரு பாய் அளவுக்குத் தரையைக் காட்டியது. தரை தெரிந்தபோது தரையில் இருந்தேன். திரும்பத் திரும்ப அப்படியேதான். எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், எவ்வளவு கவனமாக விழித்திருந்தாலும், விளக்கு எட்டும் தூரம்தான் கிடைக்கிறது.

ஓடுபாதை பழுதாகி மூடியிருந்தால் அதன்மேல் பெரிய பெருக்கல் குறி போட்டு விளக்கேற்றி வைப்பார்கள். பக்கத்தில் ஒரு கோபுரம் உயரமாக இருந்தாலே போதும், அதன் உச்சியில் சிவப்பு எரிய வேண்டும். அங்கே மேலே வருகிறவர்களின் உயிரைப்பற்றி யாரோ உட்கார்ந்து இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். உங்களுக்குக் கருவேலந்தழை. அந்த லாரியின் டிரைவர்மேல்கூட எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் கையில் இருந்ததைத்தான் ஒடித்துப் போட்டார். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே தெரியவில்லை. இந்த ரோட்டில் இன்றைக்கும் லாரிகள் அப்படித்தான் நிற்கின்றன. பள்ளிப் பேருந்தில் போகும்போது பார்க்கிறேன்.

நான் உங்களுக்கு இன்னும் சொல்லாத விளக்கு ஒன்று இருக்கிறது. ஓடுபாதை முடியும் இடத்தில் குறுக்கே எரியும் சிவப்பு வரிசை என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பக்கத்திலிருந்து இறங்க வருகிறவர்களுக்கு அதே இடம்தான் பாதையின் தொடக்கம். தொடக்கத்தில் பச்சை எரிய வேண்டும். அதற்காகப் பல இடங்களில் ஒரே விளக்கிலேயே இரண்டு கண்ணாடி வைத்திருப்பார்கள். இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் பச்சை. படித்தபோது, இதைச் சொன்னால் நீங்கள் ரசிப்பீர்கள் என்று எடுத்து வைத்திருந்தேன். லோடு முடிந்து வந்ததும் சொல்லலாம் என்று.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது இந்த இடத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்வார்கள். எங்களுக்கு முடிவு, உங்களுக்குத் தொடக்கம் என்று. நான் சொல்ல மாட்டேன். நீங்கள் போன பக்கம் பச்சை எரிகிறது என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆனால் போன வாரம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா தானாகப் பேசினார். "வெளிய யாராச்சும் கேட்டா, முழிச்சிட்டுதான் இருந்தாருன்னு சொல்லு. விடாத. பிரேக் அடிச்சாருன்னு சொல்லு." நான் மடித்ததை எடுத்து நாற்காலியில் வைத்தார். "வூட்டுக்குள்ள மட்டும் அவரு தூங்கிட்டாரு பாப்பா. இங்க அப்படியே இருக்கட்டும்."

"ஸ்கூல் மலர்ல எழுதட்டுமாம்மா?"

"எழுது. நான் படிக்க மாட்டேன்."

அந்த இரட்டைக் கண்ணாடி விளக்கில் அம்மாவுக்கு ஒரு பக்கம் போதும். ஊருக்கு ஒரு பக்கம் போதும். நான் இரண்டையும் பார்த்துவிட்டேன் அப்பா. விளக்குக்கு நேர்மேலே நிற்கிறவர்களுக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. இரும்பு மூடிதான் தெரியும். நான் அங்கே நிற்கிறேன். எவ்வளவு நாள் இப்படி நிற்பது?

ஒரே ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். வேறு எதற்கும் என்னிடம் தெம்பு இல்லை. வீட்டுக்குள் தூங்குங்கள், எழுப்ப மாட்டேன். அந்தக் கோட்டைப் பற்றி அம்மா முன்னால் இனி ஒரு சொல் பேச மாட்டேன். வாசல் கேட்டைத் தாண்டியதும் உங்களை எழுப்பிவிடுவேன். கேட்கிற ஒவ்வொருவரிடமும், எங்கப்பா முழிச்சிட்டுதான் இருந்தாரு, லெப்ட்லதான் வந்தாரு, பிரேக் அடிச்சாரு என்று சொல்வேன். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் கிளீனர் வேலை. அன்றைக்கு உங்கள் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை, இனிமேல் நடந்துகொண்டே சொல்கிறேன்.

உங்கள் கிளீனர்,
மகள் கயல்விழி
பெரம்பலூர்